பேர் வெட்டிய கத்தி

என்னிடம் இருக்கும் கத்திகளில் ஒன்றுகூட ராஜபாளையத்துத் தண்ணீரில் நனைந்ததில்லை. எல்லாம் கடலுக்குள் முங்கியவர்களின் கத்திகள். காலிலோ இடுப்பிலோ கட்டப்பட்டு, வெளிச்சம் போகாத இடம் வரைக்கும் போனவை. இப்போது எங்கள் வீட்டு மர பீரோவில், பட்டுச் சேலைகளுக்குக் கீழ்த்தட்டில், பழைய வேட்டி விரித்துப் படுத்திருக்கின்றன. மேற்கே போனால் மலை. கிழக்கே போனால் மில்லும் பருத்திக் குடோனும். கடல் என்று ஒன்று வேண்டுமானால் பஸ் பிடிக்க வேண்டும்.

"ஏன் அண்ணாச்சி, உங்க ஊர்ல எந்தக் கடல்ல முங்கப் போறீய?" என்று தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கிற கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "கண்மாயிலயாவது தண்ணி கெடக்கா?"

"இல்ல."

"பொறவு? குளிக்கிற அண்டாவுல முங்கிப் பழகுறீயளோ?"

கடையில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கிற இடத்தில் ஒரு மனுஷனை எதுவும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு மருந்துக் கட்டுத் துணி நெய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளைத் துணி கண்ணெதிரே ஓடும். அதில் ஒரு கறுப்பு நூல், ஒரு எண்ணெய்ச் சொட்டு, ஒரு முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளையில் கறை தேடிச் சம்பாதிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் துருவில் எழுத்துத் தேடுகிறேன். கண் இரண்டும் இதற்கே பிறந்தவைபோல ஆகிவிட்டன. மனுஷர்கள் முகத்தைக்கூட நேராகப் பார்க்க வருவதில்லை. எங்கே பழுது என்று ஓரத்திலிருந்து பார்க்கிறேன்.

ஒரு முங்குகத்தியைக் கையில் எடுத்தால் முதலில் அதன் வயதைக் கேட்க வேண்டும். பித்தளை உறை, கத்தியை அதற்குள் திருகிப் பூட்டுகிற மாதிரி மரை, கனமான மரப்பிடி என்றால் அது இரும்புத் தொப்பி போட்டுக் கடலுக்குள் நடந்தவர்களின் காலம். கார்க்கு சுற்றிய பிடி என்றால் அதற்குப் பிந்தியது. கை தவறினால் மிதக்கட்டும் என்று செய்தது. கறுப்பு ரப்பர் பிடியும் பிளாஸ்டிக் உறையும் வந்தது இன்னும் பொறவு. பிடியின் அடியில் எஃகுக் குமிழ் இருந்தால் அது சுத்தியல். கப்பல் வயிற்றில் தட்டி மேலே இருப்பவனைக் கூப்பிட. அலகின் ஒரு பக்கம் ரம்பப் பல், அதன் பக்கத்தில் சின்னக் கொக்கி, சிக்கின கயிற்றை இழுத்து அறுக்க. முதுகில் அங்குலக் கோடுகள் போட்டவை உண்டு. பிளாஸ்டிக் உறையின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், வார்த்த அச்சின் அடையாளம் ஒரு குட்டிக் கடிகாரம்போல் வட்டமாகத் தெரியும். நடுவில் ஒரு அம்பு. வார்த்த வருஷத்தை அதுதான் காட்டும். ஜெர்மனிக் கத்தி ஒன்று இருக்கிறது. அலகில் அவர்கள் பாஷையில் 'துருப்பிடிக்காதது' என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்தின் மேலேயே துரு.

வெளிநாடுகளில் இதைச் சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் வழியாக அவர்களோடு பேசுவேன். யாரிடமும் இல்லாததைத் தேடுகிறவர்கள் அவர்கள். அப்படித் தேடுகிறவன் என்றைக்காவது ஜெயித்துவிடுவான். நான் தேடியது எல்லோரிடமும் இருக்கிற சாதாரணக் கத்தி. கறுப்பு ரப்பர் பிடி, ஆரஞ்சு உறை, இரண்டு ரப்பர் வார். சந்தையில் அதைப்போல மலிந்து கிடப்பது வேறில்லை. அதில் ஒன்றே ஒன்றுதான் எனக்கு வேண்டும்: என் அண்ணன் காலில் கட்டியிருந்தது.

அண்ணன் கடலில் தொடங்கவில்லை. கிணற்றில் தொடங்கினான். சேத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாமல் நின்றால் அவனுக்கு ஆள் வரும். குழாயின் அடி நுனியில் இருக்கிற ஃபுட் வால்வில் பாசியோ சாக்குக் கிழிசலோ அடைத்திருக்கும். மூச்சைப் பிடித்து இறங்கி, கையால் தடவி எடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருவான். "உள்ள போயிட்டா கண்ணுக்கு வேலையில்லலே. பூரா வெரல்தான்" என்பான். அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம். கப்பல் அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டுகிற வேலை. அங்கிருந்து கம்பெனி, வளைகுடா. வளைகுடாவில் ஊர் திரும்புகிற வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன கத்தியைத்தான் அவன் வைத்திருந்தான்.

லீவில் வந்திருந்தபோது அவன் மனைவி, என் மதினி, அவனைப் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். புதுத் தூக்குவாளி எடுத்தார்கள். வாங்கின பாத்திரத்தில் பேர் வெட்டாமல் எங்கள் பக்கம் யாரும் கடையை விட்டு இறங்க மாட்டார்கள். தெருவில் ஒரு விசேஷம் என்றால் அண்டாவும் குத்துப்போணியும் வீடு வீடாக இரவல் போகும். எது யாருடையது என்று பேரை வைத்துத்தான் திரும்ப வரும். பேனா மாதிரியான ஒரு மின்சாரக் கருவி. டிர்ர்ர் என்று எவர்சில்வரில் புள்ளி புள்ளியாய்க் குத்தும். தூக்குவாளி முடிந்ததும் மதினி பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினாள்.

"இதுலயும் வெட்டுங்க."

கடைக்காரர் கருவியை அணைத்தே விட்டார். "கத்திக்கு என்னத்துக்கும்மா பேரு? பந்திக்கு எரவல் குடுக்கப் போறீயளாக்கும்?"

"அங்க வேல பாக்கிறவன் பூரா இதே கத்தி வச்சிருக்கானாம். மாறிப் போயிராதா? பேரு வெட்டுன சாமான் எங்க சுத்தினாலும் வீடு வந்து சேரும்."

"அப்ப என் நெத்தியிலயும் ஒண்ணு வெட்டி விட்டுரு" என்றான் அண்ணன்.

அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில், அப்பா பேரின் முதலெழுத்து, ஒரு புள்ளி, அவன் பேரின் முதலெழுத்து. கடைக்காரர் ஊதித் துடைத்துக் கொடுத்தார். மதினி முந்தானையால் இன்னொரு தடவை துடைத்தாள்.

அடுத்த லீவில் அவன் வந்திருந்தபோது தூத்துக்குடியிலிருந்து பழைய சிநேகிதர் கூப்பிட்டார். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் விசிறியில் மீன் வலை சுற்றிக்கொண்டது, அறுத்துவிட வேண்டும், சின்ன வேலை. போனான். அந்தக் கத்தியைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கினான். மேலே கயிறு பிடித்திருந்தவர் எங்களிடம் வந்து சொன்னார்: "இழுத்தேன். வந்துச்சு. கனமே இல்ல." அவர் கைகள் அப்போதும் கயிறு பிடித்த மாதிரியே இருந்தன. தேடினார்கள். கடல் கலங்கிக் கிடந்தது. பொறவு தேடுவதை விட்டார்கள்.

உடம்பு கிடைக்காத வீட்டில் பந்தல் போட முடியாது. பதினாறாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கரைப் படகு எடுத்துப் போயிருக்கும். அங்கே ஜெயிலில் இருப்பான். தலையில் அடிபட்டுப் பேர் மறந்திருக்கும். ஜோசியர் தென்கிழக்கு என்றார். தென்கிழக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மதினி தாலியைக் கழற்றவில்லை. நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு அவள் பக்கம் வரும்போது மட்டும் நீட்டுகிற கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தை அவள் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டு வாசலுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க வக்கீல்கள் வந்து போகிற இடம். அவர்களில் ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "ஒரு மனு போட்டுருவோம்மா. இத்தன வருஷமா ஆளு இல்லன்னா, இறந்துட்டாருன்னு கோர்ட்டே சொல்லிரும்."

"கோர்ட்டு பாத்துச்சா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளை மெஷினில் வைத்தாளாம்.

போன வருஷம் அண்ணன் மகளுக்குச் சுந்தரபாண்டியத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தையில் கல்யாணம். தோட்டம் துரவு உள்ள குடும்பம், நல்ல மனுஷர்கள். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கிறபோது மாப்பிள்ளையின் அம்மா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "சம்பந்தி, பத்திரிகையில பொண்ணு அப்பா பேருக்கு முன்னால 'திரு'ன்னு போடவா, 'அமரர்'னு போடவா? எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க சொல்றதப் போட்டுருதோம்."

அவர்கள் போன பொறவு மதினி கூடத்தில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தாள். எச்சில் டம்ளர்களை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"தம்பி, நீங்க இத்தன வருஷமா இரும்பப் பாக்கீய. உங்களுக்குக் கிறுக்குன்னு ஊரே சொல்லுது. எனக்குத் தெரியும் எதுக்குப் பாக்கீயன்னு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஏதாவது ஒண்ணு தெரிஞ்சுட்டா போதும். இருக்காவன்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. இம்புட்டு வருஷம் ரெண்டுங்கெட்டானா நின்னுட்டேன். எம் பிள்ள மணவறையிலயும் அப்பிடி நிக்க என்னால ஏலாது."

ஆயுத பூசை முடிந்து அச்சாபீஸ் திறந்ததும் பத்திரிகைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதுதான் கெடு.

புரட்டாசியில் தூத்துக்குடிக் கடைக்காரர் போன் பண்ணினார். வழக்கமான கேலி இல்லை. "இழுவ வலையில ஒண்ணு வந்திருக்கு. வலைக்காரன் வேணாம்னு போட்டுட்டுப் போயிட்டான். எனக்கும் கடையில வைக்கப் பிடிக்கல. நீங்க எடுத்துக்கிடுதீயளா?"

போனேன். செய்தித்தாள் விரித்து அதன் மேல் வைத்திருந்தார். உறையின் ஆரஞ்சு வெளுத்துப் பழைய செங்கல் நிறமாகியிருந்தது. மேலெல்லாம் வெள்ளைப் புழுக்கூடுகள், சிப்பி. கத்தி உள்ளேயே இறுகிக் கிடந்தது. கீழ் வார் அற்றுப்போயிருந்தது. மேல் வாரும் கருகி வெடித்திருந்தது. ஆனால் அதன் பக்கிள் பூட்டியபடி இருந்தது. வளையம் முழுசாக, ஒரு கணுக்காலின் அளவுக்கு.

கழற்றி வைத்த கத்தியென்றால் பக்கிள் திறந்திருக்கும். படகிலிருந்து தவறி விழுந்ததென்றாலும் திறந்திருக்கும். பூட்டின வளையம் ஒரே விதமாகத்தான் காலை விட்டு வரும். கால் இல்லாமல் போனால்.

கடைக்காரரும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "டீ சொல்லவா?" என்றார். வேண்டாம் என்றேன். காசு எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

பஸ்ஸில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கோவில்பட்டி தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர், "கருவாடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

வீட்டில் தேங்காயெண்ணெய் விட்டு ஊறப்போட்டு மெதுவாக உருவினேன். உறையின் உள்ளே அச்சுக் கடிகாரத்தின் அம்பு காட்டிய வருஷம் பொருந்தியது. குமிழ், கொக்கி, ரம்பப் பல் எல்லாம் பொருந்தின. எதுவும் பொருந்தாமல் போக வழியில்லாத அளவு சாதாரணக் கத்தி. அலகின் அடியில், பேர் வெட்டிய இடத்தில், குழிகள் இருந்தன.

எவர்சில்வரைக் கடல் தின்கிற விதம் தனி. சாதா இரும்பைப்போல அடுக்கடுக்காய் உதிர்க்காது. ஊசியால் குத்தின மாதிரி புள்ளி புள்ளியாய்க் குழி பறிக்கும். எங்கள் பாத்திரக் கடைக் கருவியும் அப்படித்தான் எழுதும். இரண்டுக்கும் கையெழுத்து ஒன்று. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முதலெழுத்தின் வளைவு மாதிரி ஒன்று. அதையடுத்துப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. பொறவு ஒரு கூட்டம், வாசிக்க முடியாமல். கண்ணை மாற்றி வைத்தால் எதுவுமே இல்லை, துரு மட்டும். இன்னொன்றும் தோன்றியது, தோன்றியதிலிருந்து அதை விட்டு வெளியே வர முடியவில்லை. எஃகில் காயம் பட்ட இடத்தில்தான் கடல் முதலில் பல்லை வைக்கும். இது அவனுடையது என்றால், கடல் இந்தக் கத்திக்குள் அவன் பேர் வழியாகத்தான் நுழைந்திருக்கும்.

போனில் படம் எடுத்தேன். எல்லாப் பக்கமும் எடுத்தேன். குழிகளுக்குள் துருவும் சுண்ணாம்பும் அடைத்துக் கிடந்ததால் படத்தில் பழுப்பு மேடும் பழுப்புப் பள்ளமும்தான். வெளிநாட்டு ஆள் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பதில் எழுதினார்: தேய்க்காதே, வினிகரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிடு, அடைத்தது தானாக இளகி வரும், சாய்ந்த வெளிச்சத்தில் பார், அவசரப்பட்டால் குழியின் உதடு போய்விடும், பிறகு எழுத்தும் துருவும் ஒன்றுதான். இதைச் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது பாலபாடம். துருவைத் தொடாதே.

மதினியைக் கூப்பிட்டேன். அந்த மாதிரி ஒன்று வந்திருக்கிறது, உறுதியில்லை என்றேன். மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"எழுத்து இருக்கா?"

"இருக்கிற மாதிரி இருக்கு. மெதுவாத்தான் பாக்கணும்."

"நான் வந்து பாக்கேன். அத வெட்டும்போது பக்கத்துல நின்னவ நானு. எழுத்து எங்க வளையும்னு எனக்குத் தெரியும். பூசைக்கு மறுநா வாரேன்."

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் அதை மற்றக் கத்திகளோடு சேர்க்காமல், தனியாக ஒரு துணியில் பொதிந்து மேல் தட்டில் வைத்தேன். வினிகர் வாங்கி வந்தேன். பூசை நாளன்று கம்பெனிக்குப் போய்விட்டு வந்து ஊறப்போடலாம் என்று இருந்தேன்.

ஆயுத பூசையன்று தறிகளெல்லாம் நிறுத்தி, கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைப்போம். நெசவு நின்ற ஷெட்டுக்குள் நிற்பது காது அடைத்த மாதிரி இருக்கும். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் பலகை போட்டுக் கோலமிட்டு, அதன் மேல் வீட்டு இரும்பெல்லாம் வரிசையாக இருந்தது. அரிவாள்மணை, கத்தரிக்கோல், அண்ணனின் பழைய கிணற்று அரிவாள், ஸ்க்ரூடிரைவர், தையல் மெஷினின் ஊசிப்பெட்டி. நடுவில் வாழையிலை போட்டு அதன் மேல் அந்தக் கத்தி. வெள்ளி மாதிரி. விளக்கின் சுடர் அதில் ஓடியது. அலகின் அடியில், சரியாக அந்த இடத்தில், சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள்.

"ஏங்க, பாத்தீங்களா?" என் மனைவியின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான். "அத்தான் கத்தியா இருந்தா அத துருவோடயா சரஸ்வதி முன்னால வைக்கிறது? நல்லவேளையா சாணைக்காரரு தெருவுல வந்தாரு. புளி போட்டுத் தேச்சும் போகல. அவருட்டக் குடுத்து ரெண்டு தடவ புடிக்கச் சொன்னேன். நம்மூரு இரும்பே இல்லம்மான்னு சொல்லிட்டே புடிச்சாரு, பொறி அம்புட்டுப் பறந்துச்சு."

நான் குனிந்து கட்டை விரலால் சந்தனத்தைத் துடைத்தேன். அடியில் வழுவழுவென்று எஃகு. அதில் என் மூக்கும் கண்ணும் தெரிந்தன.

என்ன ஆயிற்று என்று என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் சூடத்தட்டு இருந்தது. கீழே வைக்கவும் முடியாமல் காட்டவும் முடியாமல் நின்றாள். நான்தான் தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்திக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் இரும்பு வைத்துப் பிழைக்கிற ஒருவனும் ஆயுத பூசையன்று துருவோடு தன் கருவியை வைத்ததில்லை. அவள் பிறந்த வீட்டிலும் வைத்ததில்லை. வேறெப்படிச் செய்வாள்?

மறுநாள் காலை பஸ்ஸுக்கு மதினி வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் "எங்க?" என்றாள். கொடுத்தேன். உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, விரலை அந்த இடத்துக்குத் தானாகக் கொண்டுபோனாள். தடவினாள். திருப்பித் தடவினாள். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, நான்தான் அக்கா" என்று என் மனைவி அழத் தொடங்கினாள். "அத்தானுக்கு மரியாத செய்யதா நெனச்சுப் பண்ணிட்டேன். பாவி நானு."

"அழாதட்டி." மதினியின் குரலில் கோபம் இல்லை. "எங்கிட்டத் தந்திருந்தா நானும் இதத்தான் செஞ்சிருப்பேன். அவிய அருவாளக்கூட துருவோட வைக்க விட மாட்டாவளே."

போனில் இருந்த படங்களைக் காட்டினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மதினி ஒரு வளைவைக் காட்டினாள். "இது அதான்." செத்த நேரம் கழித்து, "இல்ல, அது இப்பிடிக் கீழ வரணும்" என்றாள். என் மனைவி வேறொரு இடத்தில் வேறொரு எழுத்தைக் கண்டாள். பெரிதாக்கப் பெரிதாக்க எல்லா எழுத்தும் அதில் இருந்தது.

"தம்பி, நீங்க சொல்லுங்க. அதுவா?"

"தெரியல மதினி."

"தெரியலங்கிறது தெரியும். தோணுறதச் சொல்லுங்க."

எனக்குத் தோன்றியதைச் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவள் அதைத்தான் கேட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வெள்ளைத் துணியில் இல்லாத கறையை இருக்கிறதென்று நான் ஒருநாளும் எழுதினதில்லை. அந்தப் பழக்கம் அங்கேயும் என்னை விடவில்லை. எழுத்துக்குப் பதிலாக உறையை எடுத்து வந்து வாரைக் காட்டினேன். பூட்டிய பக்கிளைக் காட்டினேன். இதைக் கட்டியிருந்தவர் யாராக இருந்தாலும் மேலே வரவில்லை, அது மட்டும் நிச்சயம் என்றேன்.

மதினி அந்த வளையத்துக்குள் தன் மணிக்கட்டை நுழைத்துப் பார்த்தாள்.

"அப்ப இது யாரோ ஒருத்தியோட புருசன்" என்றாள். "அது தெரியுது. எம் புருசனான்னுதான் கேட்டேன்."

என் மனைவி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். மதினி குடித்தாள். டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். கிளம்பும்போது கத்தியைப் பலகை மேல் வைத்துவிட்டு, "போற வழியில அச்சாபீசுல சொல்லிட்டுப் போயிருதேன்" என்றாள்.

"என்னன்னு?"

"திருன்னுதான். அமரர்னு என் வாயால சொன்னா நான் கொன்ன மாதிரி ஆயிரும். சொல்லிட்டு எம்புட்டு நாளைக்கு உயிரோட இருப்பேன்?" செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். "வாரேன் தம்பி."

தெரு முனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தெளிவு கிடைத்தவள் நடக்கிற நடை அது இல்லை. பழைய சுமையைத் தோள் மாற்றிக்கொண்டவள் நடக்கிற நடை.

நான் இப்போதும் தூத்துக்குடி போகிறேன். கறுப்புப் பிடி, ஆரஞ்சு உறை கண்ணில் பட்டால் அலகின் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன். வெறும் அலகாக இருந்தால் வைத்துவிட்டு வருகிறேன். எதற்குப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை. வேறொரு கத்தியில் அந்த எழுத்து இருந்துவிட்டால், சாணை பிடித்தது வேறு யாருடையதோ என்றாகும். எந்தக் கத்தியிலும் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. இதில் எது நடந்தாலும் அண்ணன் மேலே வரப்போவதில்லை. கத்திகளை வகை பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன். கேட்டால் நாடு சொல்வேன், காலம் சொல்வேன், பிடியின் ரப்பரை முகர்ந்து அசலா போலியா என்று சொல்வேன். யாருடையது என்று மட்டும் எந்தக் கத்தியும் என்னிடம் சொன்னதில்லை.

தையில் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. மண்டப வாசலில் பிளெக்ஸ் போர்டிலும் 'திரு' என்றே அண்ணன் பேர். நானும் என் மனைவியும் மணவறையில் உட்கார்ந்து தாரை வார்த்தோம். மதினி பட்டுச் சேலையில், குங்குமத்தோடு, தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். மேடைக்கு வா என்று கூப்பிட்டதற்கு, கூட்டத்தைப் பார்க்க ஆள் வேண்டாமா என்றாள்.

சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வழியில் ஒரு பெரியவர், கைத்தடி ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் பொண்ணுக்கு அப்பாவா?"

"சித்தப்பா."

"அப்ப, வெளிய போர்டுல இருக்காவளே, அவிய எங்க? ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவம்னு பாத்தேன்."

மதினி தூண் பக்கத்திலிருந்து இரண்டு எட்டு வைத்து வந்தாள்.

"கப்பல்ல இருக்காவ மாமா. லீவு கெடைக்கல."

"மக கல்யாணத்துக்கே லீவு தரமாட்டேங்கானா? என்ன கம்பெனி அது!" பெரியவர் தலையை ஆட்டினார். "போட்டும். அப்ப சம்பளம் கூடத்தான் இருக்கும்."

"கூடத்தான்" என்றாள் மதினி. "பந்தி போட்டாச்சு மாமா. வாங்க, சாப்பிடுங்க."